வாய்க்காலில் கிடந்த ஈக்கு

செல்லக்கனியின் ஒற்றைச் செருப்புதான் முதலில் என் கண்ணில் பட்டது.

நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. மலைப்பாதையின் இரண்டாவது வளைவில், அத்திமரத்துக்குக் கீழே, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. முந்தின நாள் வரை அங்கே பாதை இருந்தது. அன்றைக்குப் பள்ளம்தான் இருந்தது. இடுப்பு ஆழம். இரண்டு பக்கமும் செம்மண் கிழிந்து, மரத்தின் வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

மழைக்காலத்தின் முதல் பெரிய மழை அடித்து ஓய்ந்த காலை. இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போன செல்லக்கனியைக் காணோம். "ஏ மைனி" என்று குரல் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தால் பள்ளத்துக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னட்டி, உள்ள என்ன செய்யுத?"

"மீன் விக்குதேன். கேக்கியளே கேள்வி! கையக் குடுங்க மைனி, காலு பொரண்டு போச்சு."

தூக்கிவிட்டேன். கணுக்கால் அதற்குள் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. வலியில் அவள் அழவில்லை. பள்ளத்தைத் திரும்பிப் பார்த்துத்தான் அழுதாள்.

"இனி முனிசிபாலிட்டிக்காரன் இந்தப் பாதைய மூடிப்புடுவான். நான் மறுபடியும் அந்தச் சன்னல்லதான் போயி உக்காரணும், என்ன?"

அந்தச் சன்னலைப் பற்றிச் சொன்னால்தான் இது உங்களுக்குப் புரியும்.

கை எட்டும் சுவர்

தாராவியில் எங்கள் வீடுகளை ரோட்டுக்காக இடித்துவிட்டு, எங்களைச் செம்பூர்ப் பக்கம் ஏழு மாடிக் கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். செல்லக்கனிக்கு எங்கள் மாடியிலேயே எதிர்வீடு. என் வீட்டுக்காரர் வழியில் தூரத்துச் சொந்தம், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

அவள் வீட்டுக்கு ஒரே சன்னல். அதைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். புருஷன் போனபிறகு அந்தச் சன்னலில் உட்கார்ந்தவள் இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை ஏறியது, கால் வீங்கியது, பேச்சும் குறைந்தது. தாராவியில் தண்ணீர்க் குழாயடியில் நாலு பேரை ஒரே மூச்சில் ஏசக்கூடியவள் "ம்", "ம்ஹும்" என்று இரண்டே சொல்லில் காலத்தை ஓட்டினாள்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குன்று. பாதி உயரம்வரை தகரக் குடிசைகள், அதற்கு மேல் மரமும் பாறையும். குன்றைச் சுற்றி ஏறும் பாதை ஒன்று உண்டு. அது முடிகிற தட்டைப் பாறையில் நின்றால் கோவண்டிக் கூரைகள், எண்ணெய் ஆலைப் புகைக்கூண்டு, அதற்கும் அப்பால் கடல் உள்ளே வரும் கழியின் தண்ணீர் எல்லாம் தெரியும். ஒருநாள் செல்லக்கனியின் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் முதல் வளைவுவரை. ஒரு மாதத்தில் இரண்டாவது வளைவு. பாறைக்கு ஏறிய அன்று கழியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சவத்து ஊருல இம்புட்டு வெட்டவெளி கெடக்கா? ஒருத்தியும் எங்கிட்ட சொல்லலியே!"

முழுசாக ஒரு ஏச்சு. அன்றைக்கு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மாமா எதைத் தொலைத்தார்?

நடப்பதற்கென்றே நடப்பார்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அங்கே நடந்தால் ஒரு வேலையாகத்தான் நடப்போம். நான் முப்பது வருஷம் மாட்டுங்காவில் வீட்டுவேலை செய்தேன். ஒரு நாளைக்கு ஏழு வீடு. போக நடை, வர நடை. பஸ் எல்லாம் மழை நாளுக்கு மட்டும்.

ஒரு வீட்டில் மாமா தினமும் வெள்ளைக் கான்வாஸ் ஜோடு போட்டுக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாமியிடம் பயந்து பயந்து கேட்டேன், மாமா எதையாவது தொலைத்துவிட்டாரா என்று. மாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒண்ணும் தொலைக்கலைடி பேச்சி! நடக்கறார். உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

எனக்கு மனசுக்குள் ஓடியது என்னவென்றால், என் நடையில் பாதியை இவருக்குக் கொடுத்துவிட முடிந்தால் நானும் பிழைப்பேன், அவரும் பிழைப்பார்.

அந்த மாமி சொன்ன இன்னொரு வார்த்தையும் உண்டு. "பேச்சி பெருக்கினா இலையே வேண்டாம், தரையிலயே சாதம் போட்டுச் சாப்பிடலாம்." ஏழு வீட்டிலும் இதே பேச்சுதான். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கழுத்தில் நகை கிடையாது. ஆனால் நான் பெருக்கிய தரையில் ஒரு தூசி காட்டுங்கள் என்று யாரிடமும் சவால் விடுவேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அடுத்தாற்போல் வருகிறது.

தண்ணீரின் பின்னால் போனவர்

நாங்கள் வந்த புதிதில் அந்தக் குன்றுப் பாதை வெறும் ஆட்டுத்தடம்தான். பாதையாக்கியவர் சாவந்த் பாவு. ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், மராட்டிக்காரர். பாவு என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். கேங்கில் பாதிப்பேர் நம் ஆட்களாம், அதனால் ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். வார்டு ஆபீசில் நடையாய் நடந்து வாய்வார்த்தையாக அனுமதி வாங்கினார். ஒரு லாரி முரம் மண்ணும் வாங்கினார். முரம் என்றால் சரளை கலந்த செம்மண். ஞாயிற்றுக்கிழமை தோறும் சிரமதானம். கட்டடத்துப் பெண்கள், மேல் குடிசை ஆட்கள், எல்லோரும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் மண் சுமந்தோம்.

மண் கொட்டுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். மேலே நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார். பிறகு அந்தத் தண்ணீர் போகும் வழியெல்லாம் குனிந்தபடியே பின்னால் போனார், தத்தித் தத்தி நடக்கும் பிள்ளையின் பின்னால் தாய் போவாளே அப்படி. அது திரும்பிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். அங்கெல்லாம் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்தார். ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினார்.

"எதுக்கு பாவு இத்தன கல்லு?"

"பேச்சிம்மா, தண்ணி மெஹ்மான் மாதிரி. விருந்தாளி! வந்தா வழி காட்டணும், சீக்கிரம் அனுப்பணும். உக்கார வெச்சா வீட்டையே எடுத்துக்கும்."

நான் தலையாட்டினேன். காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

பொன்னாடை

அந்தப் பனிக்காலம் கழிந்து சாவந்த் பாவு கொங்கணத்து ஊருக்குப் போனார். வீட்டுக் கூரை வேலை, நாலைந்து மாதம் ஆகும் என்றார். பாதையை யார் பார்த்துக்கொள்வது? "நான் இருக்கேன்" என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

மறுநாள் காலையே தென்னை ஈக்கு வாரியலோடு ஏறினேன். பாதை முழுக்க அத்தி இலை, புங்கம்பூ, புழுதி. பார்க்கவே சகிக்கவில்லை. கீழ் கேட்டிலிருந்து பாறைவரை பெருக்கினேன். தினமும் பெருக்கினேன். குவித்ததை எங்கே அள்ளிக்கொண்டு போவது? ஓரத்தில்தான் வாய்க்கால் வாயைத் திறந்து கிடக்கிறதே, அதில் தள்ளினேன்.

இரண்டு மாதத்தில் பாதை வீட்டுக் கூடம்போல் ஆகிவிட்டது. ஒரு சருகு கிடையாது, ஒரு பொடிமண் கிடையாது. அங்கங்கே கல் தலைகாட்டியது, வேர் தெரிந்தது. "எவ்வளவு சுத்தம்!" என்று எல்லோரும் வியந்தார்கள். மே தினமோ மகாராஷ்டிர தினமோ, ஏதோ ஒரு கொடி கட்டிய நாளில், கட்டடச் சங்கத்தார் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஜரிகை போட்டது. செல்லக்கனி மேடைக்குக் கீழே நின்று கைதட்டினாள். "மைனிக்குக் கல்யாணக் களை வந்துட்டு" என்று கத்தி என் மானத்தையும் வாங்கினாள்.

அப்புறம்தான் அந்த மழை.

ஆட்டின் தலையில்

செல்லக்கனி விழுந்த மூன்றாம் நாள் வார்டு ஆபீசிலிருந்து எஞ்சினியர் அம்மா வந்தார். சின்ன வயசு, கையில் குடை, காலில் ரப்பர் கம்பூட்டு. பள்ளத்தைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. இந்தியில் சொன்னதன் சாரம் இதுதான்: ஒருத்தர் விழுந்தாயிற்று, அடுத்தவர் விழுந்து செத்தால் யார் பொறுப்பு? கம்பி வேலி போட்டு மூட வேண்டியதுதான்.

"பந்த் கர்னா படேகா" என்று அவர் சொன்னதும் கூட்டம் கொதித்தது. பிறகு கோபம் திரும்ப ஓர் இடம் தேடியது. கிடைத்தது.

மேல் குடிசையில் ஷப்னம் என்று ஒருத்தி. ஐந்து ஆடு வைத்திருக்கிறாள், பால் விற்றுத்தான் அடுப்பெரிகிறது. ஆடுகள் அந்தப் பாதையில்தான் இறங்கும், ஏறும்.

"ஆடு குளம்பால கொத்திக் கொத்தித்தான் மண்ணு எளகிப் போச்சு!" என்றாள் ஒருத்தி.

"முனிசிபாலிட்டி வண்டியக் கூப்பிட்டு அஞ்சையும் ஏத்தச் சொல்லுங்க!" என்றார் சங்கத்துக்காரர்.

ஷப்னம் ஒரு ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என் ஆடு என்ன ஜேசிபியா? ஒரே ராத்திரியில பள்ளம் தோண்டிருச்சா?" என்று இந்தியில் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

சாவந்த் பாவு முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். பைய நடந்து பள்ளத்துக்கு மேலே போனார். வாய்க்கால் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். அங்கே வாய்க்காலே இல்லை, விளிம்புவரை மண் இறுகிக் கிடந்தது. விரலை விட்டு ஒரு கைப்பிடி பெயர்த்தார். செம்மண், மட்கிய இலை. நடுவில் மூன்று ஈக்கு, தேய்ந்து முறிந்த தென்னை ஈக்கு.

அந்தக் குன்றில் தென்னை கிடையாது. இந்தப் பக்கத்தில் எல்லோரும் புல் துடைப்பம்தான். ஊரிலிருந்து ஈக்கு வரவழைத்துக் கட்டிப் பெருக்குகிறவள் ஒருத்திதான்.

அவர் மூன்று ஈக்கையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவற்றை ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு அப்புறம் நான் சும்மா நின்ற கொஞ்ச நேரத்தை சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடுகிறேன். நான் சும்மாதான் நின்றேன். சங்கத்துக்காரர் வண்டிக்குப் போன் போடுகிறவரை நின்றேன். பொன்னாடை போர்த்திக்கொண்டவளா இதைச் செய்தாள் என்று நாளைக்கு லிஃப்டில் பேசுவார்களே, அது மட்டும்தான் மனசில் ஓடியது. ஷப்னத்தின் ஆடு என் சேலை முந்தியை மோந்து பார்த்தது. அதற்கு என்ன தெரியும்.

"போன வையுங்க" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆடு இல்ல. நாந்தான்."

"நீங்க என்ன பண்ணுனிய?" என்றார் சங்கத்துக்காரர்.

"வாரியலால தூத்தேன். தெனமும் தூத்து, பாதை மண்ணு பூராவையும் வாய்க்கால்ல தள்ளுனேன். தண்ணி போறதுக்கு வழியில்ல, அது பாதைய எடுத்துக்கிட்டு. செல்லக்கனி கால ஒடிச்சது நாந்தான்."

எஞ்சினியர் அம்மாவுக்குப் புரியவில்லை. பெருக்கினால் பாதை போகுமா என்று சாவந்த் பாவுவைக் கேட்டார். அவர் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"போகும் மேடம். மேல இருக்கிற பொடிமண்ணுதான் கல்லைப் பிடிச்சு வெக்கும். சருகுதான் மழைக்குக் குடை. அம்மா ரெண்டையும் எடுத்துட்டாங்க. ரொம்ப நல்லா எடுத்துட்டாங்க."

அந்த 'ரொம்ப நல்லா' சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் என் பெருக்கலுக்குக் கிடைத்த முதல் குறை.

எஞ்சினியர் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். திங்கட்கிழமைவரை கொடுங்கள், அன்றைக்கும் தண்ணீர் பாதையில் ஓடினால் வேலி போடுங்கள், நானே கம்பியைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார். மழைக்காலத்தில் ஐந்து நாள் என்ன பெரிய நாள்!

"திங்கட்கிழமை கம்பியோடு வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தள்ளியதைச் சுமந்தது

மறுநாள் விடியும்போது கேட்டில் நான் மட்டும்தான் இருப்பேன் என்று நினைத்தேன். செல்லக்கனி காலில் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நீ எதுக்கு வந்த?"

"கால ஒடிச்சவிய வேல செய்யுறத உக்காந்து பாக்க வேண்டாமா? அந்தச் சொகத்த விடச் சொல்லுதியளோ?"

சொன்னாளே தவிர, சும்மா இருக்கவில்லை. குன்றிலிருந்து அடித்துவந்து கேட்டருகே மேடாகக் கிடந்த மண்ணை, உட்கார்ந்தபடியே இரும்புச் சட்டிகளில் அள்ளி அள்ளிப் போட்டாள். வாய் ஓயவில்லை. "அந்தச் சட்டியில கொறச்சலா இருக்கு, திரும்பி வா!" என்று போகிறவர்களை எல்லாம் விரட்டினாள்.

முதல் நாள் ஆறு பெண்கள். இரண்டாம் நாள் பதினைந்து பேருக்கு மேல். நான் கீழே தள்ளிய மண்ணை நானே தலையில் வைத்து மேலே ஏற்றினேன். தலைக்குச் சும்மாடு வேண்டுமே. பழைய துணி தேடினேன், கிடைக்கவில்லை. பெட்டியைத் திறந்து பொன்னாடையை எடுத்துச் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஜரிகை குத்தியது, ஆனால் வழுக்காமல் நின்றது.

இரண்டாம் நாள் ஷப்னம் வந்தாள், ஆட்டோடு. இடுப்பில் கைவைத்து எல்லோருக்கும் கேட்கும்படி, "பேச்சி அம்மா, பெஹ்லே மேரி பக்ரி சே மாஃபி மாங்கோ" என்றாள். முதலில் என் ஆட்டிடம் மன்னிப்புக் கேள் என்கிறாள்.

கேட்கிறவர்களுக்கு விளையாட்டு. எனக்கு விளையாட்டு இல்லை. சட்டியை இறக்கினேன். மடியில் முடிந்திருந்த வாழைப்பழத்தை உரித்து அந்த ஆட்டுக்குக் கொடுத்தேன்.

"தப்புதான் தாயி" என்றேன்.

ஆடு பழத்தைத் தின்றது, தோலையும் கேட்டது. ஷப்னம் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே என் சட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

பள்ளத்தின் அடியில் பெரிய கல், மேலே சின்னக் கல், அதற்கு மேல் முரம். சாவந்த் பாவு கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார். குறுக்குக் கற்களைப் புதுசாகச் சாய்த்து வைத்தார். வாய்க்காலை நான்தான் தோண்டினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. நடுநடுவே தூறல் விழுந்தது. விழுந்தபோதெல்லாம் வேலை செய்தவர்கள் அப்படியே நின்று வானத்தை ஏசினார்கள். செல்லக்கனியின் ஏச்சைத்தான் இங்கே சொல்ல முடியாது.

திங்கட்கிழமை

எஞ்சினியர் அம்மா கம்பிச் சுருளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. தூறல் இல்லை, கொட்டல். குடைக்குள் இருந்தபடியே பேசினால் ஒருவருக்கொருவர் கேட்காது.

எல்லோரும் அத்திமரத்து வளைவில் நின்றோம். மேலேயிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் சுருண்டு சுருண்டு வந்தது. முதல் குறுக்குக் கல்லில் முட்டியது. கல்லை ஒட்டியே சாய்ந்து, வாய்க்காலுக்குள் இறங்கி, குன்றின் பக்கவாட்டில் புல்லுக்குள் ஓடிவிட்டது. இரண்டாவது கல்லிலும் அப்படியே. பாதை நனைந்தது, ஆனால் நடந்து போகலாம்.

எஞ்சினியர் அம்மா தண்ணீரின் பின்னாலேயே குனிந்து குனிந்து கேட்வரை இறங்கிப் போனார். சாவந்த் பாவு என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

கேட்டில் நின்று எஞ்சினியர் அம்மா சொன்னது, வாய்க்காலை வாரம் ஒருமுறை பார்க்க ஓர் ஆள் பெயர் வேண்டும், எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. சங்கத்துக்காரர் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். செல்லக்கனிதான் நாற்காலியிலிருந்து கத்தினாள்:

"எங்க மைனி பேர எழுதுங்க! ஒருக்கா கெடுத்தவியளுக்குத்தான் எங்க கெடும்னு தெரியும்."

கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மாள். எழுத்துக் கூட்டி எழுத நேரமாயிற்று, காகிதத்தில் மழையும் விழுந்தது. கம்பிச் சுருள் டெம்போவிலேயே திரும்பிப் போனது.

இப்போதும் காலையில் ஏறுகிறோம். செல்லக்கனி முன்னால், கொஞ்சம் விந்தி விந்தி. பாதை நெடுக அத்தி இலை உதிர்ந்து கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் என் வலது கை தானாக அசையும். அவள் திரும்பிப் பார்க்காமலே, "மைனி, கை!" என்பாள்.

வாரியல் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. அதிலிருந்து ஒரே ஓர் ஈக்கை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போகிறேன். வளைவுக்கு வளைவு நின்று அதை வாய்க்காலில் குத்திப் பார்க்கிறேன். ஒரு சாணுக்குக் குறையாமல் இறங்கினால் சரி, மேலே நடப்பேன். இறங்காவிட்டால் முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மண்ணை அள்ளத் தொடங்கிவிடுவேன்.